மதியம் நன்றாக இருந்த மைக்: ஒரு திருமண மண்டபத்தில் கார்ட்லெஸ் ரிசீவர் கோளாறு

தென்காசிப் பக்கம் ஒரு திருமண மண்டபம். 800 பேர் உட்காரலாம், மேடை 30 அடி அகலம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம், பாராட்டு விழா என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். மண்டபத்துக்கென்று சொந்தமாக மைக் செட் உண்டு. அதில் இரண்டு சேனல் கொண்ட ரிசீவர் இரண்டு, அவற்றோடு நான்கு கை மைக். மைக்கிலிருந்து காற்றில் வரும் அலையைப் பிடித்து மறுபடி பேச்சாக மாற்றித் தரும் பெட்டிதான் ரிசீவர்; ஒரு மைக்குக்கு ஒரு சேனல். எங்கள் ஊரில் வயர்லெஸ் மைக் என்று யாரும் சொல்வதில்லை. கார்ட்லெஸ் மைக்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மண்டபத்துக்காரர் என்னைவிட மூத்தவர். போனில் அவர் சொன்ன முதல் வார்த்தையே தீர்ப்பாக இருந்தது. "தம்பி, ரிசீவர் போச்சு. புதுசா எது வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

"அண்ணாச்சி, நான் ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்றேனே" என்றேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். 'ரிசீவர் போச்சு' என்று என்னிடம் வந்த புகார்களில் ரிசீவரே உண்மையில் பழுதாகியிருந்தது மிகக் குறைவு. ரிசீவர் அதிகம் அசையாமல் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பொருள். கீழே விழுவது மைக், மிதிபடுவது ஒயர், தீர்வது பேட்டரி. ஆனாலும் 'கொர்' என்று சத்தம் வந்தவுடன் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

புகாரின் விவரம்

இரண்டு மாதம் முன்பு அங்கே ஒரு பட்டிமன்றம். நடுவரிடம் 4ஆம் எண் மைக். வலப்பக்க அணியின் மேசையில் 1, 2. இடப்பக்க அணியிடம் 3. மதியம் இரண்டு மணிக்கு ஆப்பரேட்டர் தம்பி நான்கையும் பேசிப் பார்த்திருக்கிறான், எல்லாம் சுத்தமாக இருந்திருக்கிறது. இரவு ஏழு மணிக்கு இடப்பக்க அணியின் பேச்சாளர் எழுந்து பேச ஆரம்பித்ததும் 3ஆம் மைக் விட்டு விட்டுக் கேட்டது. இடையிடையே 'கரகர' என்று ஓர் இரைச்சல். பட்டிமன்றத்தில் ஒரு நகைச்சுவையின் கடைசிச் சொல் கேட்கவில்லை என்றால் அதற்கு முன் இரண்டு நிமிடம் கட்டி எழுப்பியது அத்தனையும் வீண். அந்தப் பேச்சாளர் மூன்று முறை அப்படித் தவித்துவிட்டு, கடைசியில் போடியத்தின் ஒயர் மைக்குக்குப் போய்விட்டாராம்.

மறுநாள் இரண்டாவது ரிசீவரை ஒரு சர்வீஸ் கடைக்கு அனுப்பினார்கள். போர்டில் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த விழாவில் அதே தொல்லை. இந்த முறை 2ஆம் மைக்கும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் மதியம் பார்க்கும்போது மட்டும் ஒரு குறையும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தக் கடைசி வரிதான். போர்டு கெட்டிருந்தால் அது மதியமும் கெட்டுத்தான் இருக்கும். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் மண்டபத்தில் என்ன மாறுகிறது என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது.

முதல் நாள், காலி மண்டபத்தில்

பெரும்பாலான ரிசீவர்களின் முகப்பில் இரண்டு அளவு தெரியும். ஆர்.எஃப். என்று ஒன்று, ஏ.எஃப். என்று ஒன்று. ஆர்.எஃப். என்பது காற்றில் வந்து சேரும் அலையின் பலம். ஏ.எஃப். என்பது அந்த அலையின் மேல் ஏறி வந்த பேச்சின் அளவு. இந்த இரண்டையும் படிக்கத் தெரிந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆர்.எஃப். விழுந்து விழுந்து எழுந்தால் சிக்கல் மைக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில். ஆர்.எஃப். நிறைந்து நிற்கிறது, பேசினால் ஏ.எஃப். அசையவில்லை என்றால் மைக்குக்குள்ளே பார்க்க வேண்டும்: மியூட் சுவிட்ச், தலைப்பகுதி, காலர் மைக் என்றால் இடுப்புப் பெட்டிக்குப் போகும் அந்த மெல்லிய ஒயர். இரண்டும் ஒழுங்காக ஆடுகிறது, ஸ்பீக்கர் பாக்ஸில் மட்டும் சத்தம் இல்லை என்றால் ரிசீவருக்குப் பின்னால் உள்ள ஒயரும், எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து அனுப்பும் மிக்ஸரும்தான். நான்காவதாக ஒரு நிலை உண்டு. மைக் எல்லாம் அணைந்திருக்கிறது, ஆனால் ஆர்.எஃப். எரிகிறது. அப்படியென்றால் நம் அலைவரிசையில் நாம் அல்லாத வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

அதனால் போனவுடன் நான்கு மைக்கையும் அணைக்கச் சொன்னேன். ரிசீவரை மட்டும் போட்டோம். நான்கு சேனலிலும் ஒரு புள்ளிகூட எரியவில்லை. காற்று சுத்தம்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டு, ஆப்பரேட்டர் தம்பியை மண்டபம் முழுக்க நடக்கவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும்; நான் ஆர்.எஃப். அளவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின் வரிசை நாற்காலிகளுக்குப் போவதற்குள்ளேயே சத்தம் அறுந்தது. அப்போது அளவில் இன்னும் இரண்டு புள்ளி மிச்சம் இருந்தது. ரிசீவரின் மெனுவைத் திறந்து பார்த்தால் ஸ்குவெல்ச் உச்சத்தில் இருந்தது. போன விழாவில் இரைச்சல் வந்ததும் தம்பி ஏற்றியிருக்கிறான்.

ஸ்குவெல்ச் என்பது ஒரு வாயிற்கதவு. வரும் அலை இத்தனை பலத்துக்குக் கீழே போனால் சத்தத்தையே அடைத்துவிடும். அதை ஏற்றினால் இரைச்சல் கேட்காது, உண்மைதான். ஆனால் இரைச்சலின் காரணம் அப்படியே இருக்கும், தொலைவில் இருந்து வரும் நல்ல அலையும் கதவுக்கு வெளியே நின்றுவிடும். 'இரைகிறது' என்ற நோயை 'அறுந்துபோகிறது' என்ற நோயாக மாற்றுவதுதான் அது. நடுவளவுக்கு இறக்கியதும் சாப்பாட்டுக்கூடத்தின் வாசல் வரை மைக் கேட்டது.

ரிசீவர் வைத்திருந்த பெட்டியைப் பார்த்தபோது வருத்தமாகவே இருந்தது. சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. மூடி மூடாது என்பதற்காக ஆன்டெனாக்களைப் படுக்கையாக மடக்கி, ரிசீவரின் மேலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். நான்கில் ஒன்று வேறு ரகம். தொலைந்துபோன ஒன்றுக்குப் பதிலாக, ஒரு பழைய செட்டிலிருந்து நீளமானதைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். நீளம் கூடினால் நன்றாக இழுக்கும் என்ற நம்பிக்கை. இந்த வகை ஆன்டெனாவின் நீளம் அலையின் நீளத்தில் கால் பங்கு. இந்த மைக்குகள் 650 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை. அங்கே அலையின் நீளம் 46 சென்டிமீட்டர். கால் பங்கு 11.5. பழைய செட்டின் நீண்ட ஆன்டெனா வேறோர் அலைக்கு அளவெடுத்தது, இதற்குப் பொருந்தாது.

ஒரு ரிசீவருக்கு இரண்டு ஆன்டெனா இருப்பதற்கும் காரணம் உண்டு. மைக்கிலிருந்து கிளம்பும் அலை நேராகவும் வரும், சுவரிலும் தூணிலும் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஓர் ஆன்டெனா இருந்தால் அதற்கு ஒன்றும் கேட்காது. ஓரிரு சாண் தள்ளி இருக்கும் இன்னொன்றுக்குக் கேட்கும். எது நன்றாகக் கேட்கிறதோ அதை ரிசீவர் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் இரண்டு வைத்த பயனே இல்லை. ஆங்கில எழுத்து வி போல, இரண்டையும் 45 பாகைக்கு விரித்து வைக்க வேண்டும். மூடியைத் திறந்தபடியே வைக்கச் சொன்னேன். சரியான அளவில் ஓர் ஆன்டெனா வாங்கச் சொன்னேன். பிஎன்சி தலை (சொருகித் திருகிப் பூட்டும் இணைப்பு) கொண்டது, பெரிய விலை இல்லை.

இரண்டாவது ரிசீவரின் அடாப்டரும் அதனுடையது அல்ல. ரிசீவரின் முதுகில் 12 வோல்ட், 1000 மில்லிஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. மாட்டியிருந்தது டிவி பெட்டியின் அடாப்டர்: 12 வோல்ட் சரி, ஆனால் 500 மில்லிஆம்பியர்தான். தொட்டால் சுட்டது. இரண்டு சேனலும் வேலை செய்தபடி ஒரு மணி நேரம் போனதும் திரை மங்கி ரிசீவர் தானாக அணைந்து எழுந்தது. 'போர்டு கோளாறு' என்று நினைக்க வைத்ததில் இதற்குப் பங்கு இருந்திருக்கும். சரியான அடாப்டர் போட்டதும் அந்தத் தொல்லை நின்றது. வோல்ட் மட்டும் பார்த்து அடாப்டர் மாட்டக் கூடாது; ஆம்பியரும் பார்க்க வேண்டும், நடுமுனை கூட்டலா கழித்தலா என்ற படத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனால் இவை எதுவும் அசல் புகாருக்குப் பதில் ஆகாது. ஆன்டெனா மடங்கியிருந்தது மதியமும்தான். மதியம் நன்றாக இருந்து இரவில் கெடுவது ஏன்?

நான்கையும் ஒன்றாகப் போட்டபோது

தம்பியிடம் கேட்டேன். "மதியம் எப்படிப்பா செக் பண்ணுவ?"

"ஒவ்வொரு மைக்கா எடுத்துப் பேசிப் பாப்பேன் அண்ணே. பேசிட்டு ஆஃப் பண்ணி வச்சிருவேன், பேட்டரி தீந்துரும்ல."

அதுதான் முடிச்சு. மதியம் எந்த நேரத்திலும் ஒரே ஒரு மைக்தான் உயிரோடு இருக்கிறது. இரவில் நான்கும் ஒன்றாக இருக்கின்றன, அதுவும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தபடி. சர்வீஸ் கடையில் மேசை மேல் வைத்துப் பார்த்தவர்களும் ஒற்றை மைக்கை வைத்துத்தான் பார்த்திருப்பார்கள்.

நான்கு சேனலின் அலைவரிசையையும் எழுதச் சொன்னேன். 650.000, 651.000, 652.000, 653.000. வாங்கியபோது இப்படி இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும். இரண்டு மைக் நெருங்கி இருக்கும்போது ஒன்றின் அலை மற்றதன் ஆன்டெனா வழியாக அதன் உள்ளே புகுந்துவிடும். உள்ளே இருக்கும் பெருக்கியில் இரண்டும் கலந்து, யாரும் கேட்காத புதிய அலைகள் பிறக்கும். அவற்றில் தொல்லை கொடுப்பது, ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வரும் அலை. 651-இன் இருமடங்கு 1302. அதில் 650 போனால் 652. அதாவது 1ஆம் மைக்கும் 2ஆம் மைக்கும் சேர்ந்து, மிகச் சரியாக 3ஆம் மைக்கின் இடத்தில் ஒரு போலி அலையைப் பெற்றெடுக்கின்றன. அதே கணக்கில் 3ம் 4ம் சேர்ந்து 2-இன் இடத்தில் பெறும். 2ம் 3ம் சேர்ந்தால் ஒரு பக்கம் 1-இன் இடம், மறுபக்கம் 4-இன் இடம். சம இடைவெளியில் அடுக்கிய அலைவரிசைகளில் யாருக்கும் தப்பு வழியே கிடையாது.

கண்ணால் பார்க்கட்டும் என்று செய்து காட்டினேன். 1, 2 இரண்டையும் போட்டு மேசையில் ஒட்டி வைத்தோம். 3ஐ அணைத்துவிட்டோம். அணைந்திருக்கும் 3ஆம் சேனலில் ஆர்.எஃப். மூன்று புள்ளி ஏறியது. மண்டபத்துக்காரர் குனிந்து பார்த்து, "மைக் கைல இருக்கு, ஆஃப்ல இருக்கு, லைட் எப்படி எரியுது?" என்று கேட்டார். 1ஐ எடுத்து மேடையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மூன்று புள்ளி ஒன்றாகக் குறைந்தது. திரும்பக் கொண்டுவந்து ஒட்டி வைத்தால் மறுபடி மூன்று.

அன்றைய பட்டிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். வலப்பக்க அணியின் மேசையில் 1ம் 2ம் போட்டபடியே அருகருகே கிடந்தன. இடப்பக்கப் பேச்சாளரின் 3ஆம் மைக் பலமாக இருந்த வரையில் சிக்கல் இல்லை, எஃப்.எம். ரிசீவர் ஒரே இடத்தில் வரும் இரண்டு அலைகளில் பலமானதைத்தான் பிடித்துக்கொள்ளும். அவர் திரும்பி நடுவரைப் பார்த்துப் பேசும்போது அவர் உடம்பே அவருடைய மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவில் வந்துவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலைகளை நன்றாகக் குடித்துவிடும். அந்த நொடியில் போலி அலை ஜெயிக்கிறது, 'கரகர'. அவர் மறுபடி சபையைப் பார்த்ததும் சரியாகிறது. அதுதான் விட்டு விட்டுக் கேட்டதன் ரகசியம்.

முன்பெல்லாம் ஏன் வரவில்லை என்று மண்டபத்துக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்யாண வரவேற்பில் இரண்டு மைக்குக்கு மேல் எடுப்பதில்லை. 650ம் 651ம் மட்டும் இருந்தால் போலி அலைகள் 649இலும் 652இலும் விழும். அங்கே யாரும் இல்லை.

தயாரித்தவர்களே கணக்குப் போட்டு குரூப், சேனல் என்று ரிசீவருக்குள் ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரே குரூப்பின் சேனல்களை எடுத்தால் மோதாது. இங்கே 650.100, 650.800, 652.200, 654.900 என்று வைத்தோம். எந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி வேறெந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியோடு ஒத்துப்போகாது என்பதுதான் இந்த வரிசையின் சூட்சுமம். இடைவெளிகள் 0.7, 1.4, 2.1, 2.7, 4.1, 4.8. ஒவ்வொரு மைக்கையும் ரிசீவரின் இன்ஃப்ராரெட் கண்ணுக்கு நேரே காட்டி, அதே அலைவரிசைக்கு ஒத்திசைத்தோம். பழைய சோதனையை மறுபடி செய்தோம். 3ஆம் சேனல் இருட்டாக இருந்தது.

வேலை முடிந்தது என்று கிளம்பினேன். பாதிதான் முடிந்திருந்தது.

இரண்டாம் நாள், விழா மாலையில்

பத்து நாள் கழித்து ஒரு பாராட்டு விழா, அதன் பின் பட்டிமன்றம். மனசு கேட்காமல் நானும் போயிருந்தேன். மாலை ஐந்தரைக்கு நான்கு மைக்கையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம், அருமையாக இருந்தது. ஆறு மணிக்கு மேல் மைக்கை அணைக்கும்போதெல்லாம் பாக்ஸில் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வந்து போனது. மேடையின் பின்பக்கம் யாராவது போனால் அறுந்தது. நான் ஸ்குவெல்ச்சை இறக்கி வைத்திருந்ததால் இரைச்சல் முன்பைவிடக் கூடவே கேட்டது. தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

முதல் நாள் செய்ததையே செய்தோம். நான்கையும் அணை. ரிசீவரைப் பார். இந்த முறை நான்கு சேனலிலும் இரண்டு இரண்டு புள்ளி எரிந்தது. ஒரு சேனலில் மட்டும் என்றால் யாரோ ஒருவரின் மைக் என்று தேடலாம். நான்கிலும் ஒரே அளவு என்றால் அது அகலமாகப் பரவிய இரைச்சல். எதையோ புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தால், மேடையில் 20 அடி எல்.இ.டி. ஸ்கிரீன். வாடகைக்கு வருவது. காலி மண்டபத்தில் நான் வந்த அன்று அது இல்லை.

ஸ்கிரீன் ஆப்பரேட்டரிடம் போய், "தம்பி, ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணித் தர முடியுமா? மைக் கட் ஆகுது, ஒரே ஒரு நிமிஷம்" என்று கேட்டேன். நல்ல பையன், உடனே அணைத்தான். நான்கு சேனலும் இருண்டன. போட்டான், எரிந்தன. மறுபடி ஒருமுறை அணைத்துப் போட்டு உறுதிசெய்துகொண்டோம். இந்த ஸ்கிரீன்களில் ஒவ்வொரு பலகையின் முதுகிலும் மின்சாரம் மாற்றித் தரும் சிறு பெட்டிகள் உண்டு, வேகமாகத் தகவல் ஓடும் பட்டை ஒயர்கள் உண்டு. அவை எல்லாம் சேர்ந்து இந்த அலைவரிசைகளில் ஓர் இரைச்சலைக் கசியவிடும். அவை இருப்பது முதுகுப் பக்கம். நம் ரிசீவர் பெட்டி எங்கே இருந்தது? மேடையில் ஒயர் தெரியக் கூடாது என்பதற்காக ஸ்கிரீனுக்குப் பின்னால், நான்கடி தள்ளி.

இரைந்துகொண்டிருக்கும் மாவு மில்லுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே பேசுகிறவரின் குரலைக் கேட்கச் சொன்ன மாதிரி. பேசுகிறவர் கிட்டே இருந்தால் கேட்கும், நாலடி தள்ளிப் போனால் கேட்காது.

விழா தொடங்க நாற்பது நிமிடம் இருந்தது. மண்டபத்துக்காரரின் முதல் யோசனை, ரிசீவர் அங்கேயே இருக்கட்டும், ஆன்டெனாவை மட்டும் டிவி கேபிள் போட்டு முன்னால் கொண்டுவரலாமே என்பது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். டிவி கேபிள் 75 ஓம், ரிசீவரின் ஆன்டெனா வாய் 50 ஓம், ஒன்றுக்கொன்று பொருந்தாது. 50 ஓம் கேபிளே வாங்கினாலும், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மெல்லிய ரகத்தில் 10 மீட்டர் ஓடுவதற்குள் பிடித்த அலையில் பாதிக்கு மேல் கேபிளுக்குள்ளேயே தொலைந்துவிடும். பேச்சாக மாறிய பிறகு அந்தக் கவலை இல்லை. எக்ஸ்எல்ஆர் ஒயரில் (மூன்று முனை கொண்ட மைக் ஒயர்) அது 50 மீட்டர் கூடத் தாராளமாக ஓடும். எனவே ரிசீவரையே மேடையின் இடது முன்மூலைக்குக் கொண்டுவந்தோம். ஸ்கிரீனிலிருந்து 20 அடி தூரம், அதுவும் முகப்புப் பக்கம். மிக்ஸருக்குப் போகும் ஒயர்தான் நீண்டது. கீழே இரண்டு காலிப் பெட்டியை அடுக்கி, ஆன்டெனா நிற்பவர் தலைக்கு மேலே வரும்படி உயர்த்தினோம். உட்கார்ந்தவர் தலைக்குக் கீழே ஆன்டெனா இருந்தால் மண்டபம் நிறைந்தவுடன் அத்தனை உடம்புகளும் நடுவில் நிற்கும். காலி மண்டபத்தில் தெரியாத குறை அது. மைக் பிடிப்பவர்களுக்கும் பெட்டிக்கும் நடுவே குறைந்தது பத்தடி விட்டோம். ரொம்ப நெருங்கினாலும் ரிசீவர் திணறிப்போய் கலப்பு அலைகள் உள்ளேயே பிறக்கும்.

ஸ்கிரீன் எரிந்தபடியே பார்த்தோம். நான்கு சேனலும் இருட்டு.

இந்த அவசரத்தின் நடுவே மண்டபத்துக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பழைய செட்டை எடுத்துவந்து வைத்தார். 2014இல் வாங்கியதாம். ஏழெட்டு வருடம் பிரமாதமாக உழைத்து, கடைசி ஒன்றிரண்டு வருடமாகத்தான் இரைகிறது என்றார். அடியில் ஒட்டியிருந்த தாளில் 740 முதல் 790 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. அதுவும் பழுதாகவில்லை. அதன் காற்றுதான் பறிபோய்விட்டது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை இந்தியாவில் 2016இல் ஏலம் விட்டபோது யாரும் எடுக்கவில்லை, 2021இலும் எடுக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 1இல் முடிந்த ஏலத்தில் ஒரு நிறுவனம் நாடு முழுவதற்கும் எடுத்தது, அதன் மேல் 5ஜி ஓடத் தொடங்கியது. அந்தப் பட்டையின் ஏற்பாட்டில் 703 முதல் 748 வரை கைப்பேசிகள் பேசும் பக்கம், 758 முதல் 803 வரை கோபுரங்கள் பேசும் பக்கம். அதாவது இந்த மைக்கின் இடத்தில் ஒரு பகுதியில் கோபுரமும், இன்னொரு பகுதியில் சபையில் இருப்பவர்களின் சட்டைப்பைகளும் பேசிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் 2010 ஜூனிலேயே இந்தப் பட்டையில் மைக் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். உங்களிடம் இருக்கும் பழைய செட்டின் அடித்தாளைத் திருப்பிப் பாருங்கள். அதில் 7இல் தொடங்கும் மூன்றிலக்க மெகாஹெர்ட்ஸ் எண் இருந்தால் அதற்கு மேல் ரிப்பேர் செலவு செய்யாதீர்கள்.

விழாவில் எஞ்சிய இரண்டு

பட்டிமன்றம் ஏழே காலுக்குத் தொடங்கியது. நடுவருக்கு வெண்கலக் குரல். உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் உடைந்து வந்தது. தம்பி மிக்ஸரில் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) இறக்கினான். சத்தம் குறைந்தது, உடைவது அப்படியே இருந்தது. ரிசீவரில் ஏ.எஃப். சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆக உடைவது மைக்கிலேயே. நடுவர் தண்ணீர் குடித்த இடைவெளியில் மைக்கின் கெயினை, அதாவது குரலை உள்ளே பெருக்கும் அளவை, 6 டெசிபல் குறைத்தோம். சரியாகிவிட்டது. இதே மாதிரி உடைசல், ரிசீவரின் பின்னால் லைன் என்று வைத்துவிட்டு மிக்ஸரில் மைக் உள்ளீட்டில் சொருகினாலும் வரும். அப்போது ஏ.எஃப். சிவப்புக்குப் போகாது, மிக்ஸரின் விளக்குதான் போகும்.

எட்டரைக்கு 2ஆம் மைக்கில் பேட்டரி விளக்கு. புதிது போட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பார்த்தால் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல். கார்ட்லெஸ் மைக்குக்கு அல்கலைன்தான் போட வேண்டும். ரீசார்ஜ் செய்வதும் போடலாம், ஆனால் அது 1.5 அல்ல, 1.2 வோல்ட், மைக்கின் மெனுவில் அந்த வகை என்று மாற்றாவிட்டால் விளக்கு தவறாகக் காட்டும்.

இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில் ஒரே ஒரு முறைதான் அறுந்தது, ஒருவர் மைக்கோடு தூணுக்குப் பின்னால் போனபோது. கடைசியாகப் பேசியவர் இடப்பக்க அணிக்காரர், அவர் கையில் அதே 3ஆம் மைக். மேசையில் 1ம் 2ம் ஒட்டியே கிடந்தன, பின்னால் ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில் எரிந்தது. அவர் திரும்பி நடுவரைப் பார்த்து ஒரு கதை சொன்னார். கடைசிச் சொல் வரை கேட்டது. மண்டபம் சிரித்தது.

புது ரிசீவர் வாங்கவில்லை. மொத்தச் செலவு ஓர் ஆன்டெனா, ஓர் அடாப்டர், ஒரு நீள எக்ஸ்எல்ஆர் ஒயர். பெட்டியின் மூடியில் நான்கு அலைவரிசையையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். அதன் கீழே தம்பி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான்: 'எல்லா மைக்கும் ஆஃப், ஸ்கிரீன் ஆன், லைட்டைப் பார்.'

ஒரு மாதம் கழித்து, ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை, அவனிடமிருந்து போன். "அண்ணே, மைக் நாலும் ஆஃப். மூணாவது சேனல்ல மட்டும் ஃபுல்லா எரியுது."

"ஒண்ணுல மட்டும்னா யாரோ ஒருத்தர் மைக்குப்பா. யார் புதுசா வந்திருக்கா?"

"கண்டுபுடிச்சிட்டேன் அண்ணே. வீடியோக்காரர் மாப்பிள்ளைக்கு ஒரு காலர் மைக் மாட்டியிருக்காரு. அவரு நம்பரைக் கேட்டேன், நம்ம மூணாவதுக்குப் பக்கத்துலயே நிக்குது. அவர்கிட்டச் சொல்லி மாத்தச் சொல்லிட்டேன். இப்ப லைட் இல்ல. சும்மா உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் அடிச்சேன்."